தொழில் பண்றவங்களுக்கு கூட நிக்க நாலு பேர் வேணும், அவங்கள எப்படி சேத்துக்கிறது

ஒரு பேப்பர் எடுத்து நாலு கேள்வி எழுதுங்க. பெரிய ஆர்டர் கேன்சல் ஆயிடுச்சுன்னா ராத்திரி 11 மணிக்கு யார கூப்பிடுவேன்? என் விலை தப்பு, கணக்கு தப்புன்னு மூஞ்சிக்கு நேரா யார் சொல்லுவாங்க? நான் இப்ப மாட்டிக்கிட்டு இருக்கிற இடத்த ஏற்கனவே தாண்டி வந்தவங்க யாரு? எனக்கு சம்பந்தமே இல்லாத தொழில்ல, சம்பந்தமே இல்லாத ஆளுங்கள தெரிஞ்சவங்க யாரு? நாலுக்கும் நேரா பேர் எழுதுங்க. பேர் வராத இடத்துலதான் உங்களுக்கு வேலை இருக்கு.

நான் மொத தடவ எழுதினப்ப நாலு இடத்துலயும் என் வீட்டுக்காரர் பேருதான் இருந்துச்சு. தினமும் ராத்திரி எல்லாத்தையும் அவர்கிட்டயே கொட்டுவேன், அவரும் பொறுமையா கேப்பாரு, ஆனா அவரால செய்யறதுக்கு ஒண்ணும் இருக்காது, ஒரு கட்டத்துல என்னை விட அவர் தூங்காம முழிச்சுக்கிட்டு இருந்தாரு. ஒரே ஆள் மேல எல்லா பாரத்தையும் ஏத்துறது அந்த ஆளுக்கும் நல்லதில்ல, உங்களுக்கும் நல்லதில்ல. தொழில் பார்ட்னரா இருந்தாலும் இதே கததான்.

அதனால மொதல்ல தேட வேண்டியது உங்கள மாதிரியே இப்ப தொழில் பண்ணிக்கிட்டு இருக்கிற நாலஞ்சு பேர. பெரிய ஆளுங்க வேண்டாம், உங்களுக்கு நேர் போட்டியா இருக்கிறவங்களும் வேண்டாம். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ, ஒரே கிழமை, ஒரே நேரம், போன்லயே பேசினாலும் சரி. ஆளுக்கு 15 நிமிஷம், இந்த மாசம் எவ்வளவு வந்துச்சு, எவ்வளவு போச்சு, எது உறுத்துது, யார்கிட்ட என்ன உதவி வேணும், இவ்வளவுதான் பேச்சு. அங்க பேசினது வெளிய போகக்கூடாது, இத மொத நாளே சொல்லிடுங்க, ஒரு தடவ கசிஞ்சா அதுக்கப்புறம் யாரும் நெஜத்த சொல்ல மாட்டாங்க.

இது ஒண்ணும் புதுசில்ல. பின்னாடி அமெரிக்காவோட பெரிய தலைவர்கள்ல ஒருத்தரான பெஞ்சமின் பிராங்க்ளின் 1727ல, 21 வயசுல, பிலடெல்பியாவுல அச்சகத்துல வேலை செஞ்சுக்கிட்டு இருந்தப்ப ஜண்டோன்னு ஒரு சின்ன கூட்டம் ஆரம்பிச்சாரு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடுவாங்க. கேக்கறதுக்குன்னு ஒரு கேள்வி லிஸ்ட்டே வச்சிருந்தாங்க. சமீபத்துல யாராவது தொழில்ல நொடிச்சுப்போனாங்களா, காரணம் என்னன்னு கேள்விப்பட்டீங்களாங்கறது ஒண்ணு. யாரோட நட்பாவது உங்களுக்கு வேணுமா, அத நாங்க வாங்கித்தர முடியுமாங்கறது இன்னொண்ணு. இந்த ரெண்டாவது கேள்விய எங்க கூட்டத்துல அப்படியே எடுத்துக்கிட்டோம், எனக்கு நல்ல சப்ளையர் கெடைச்சதே அந்த கேள்வியாலதான்.

சரி, நெருக்கமானவங்க மட்டும் போதுமான்னா போதாது. மார்க் கிரானோவெட்டர்ங்கற சமூகவியலாளர் தெரிஞ்சவங்க மூலமா வேலை கெடைச்சவங்கள விசாரிச்சாரு, அந்த தெரிஞ்சவர அடிக்கடி பாத்துக்கிட்டு இருந்தவங்க ஆறுல ஒரு பங்குதான், மத்தவங்களுக்கு எப்பவாவது பாக்கற ஆள் மூலமாதான் கெடைச்சிருக்கு. 1973ல அவர் எழுதின கட்டுரை இன்னைக்கும் பேசப்படுது. காரணம் சிம்பிள், நம்ம கூடவே இருக்கிறவங்களுக்கு நமக்கு தெரிஞ்சதேதான் தெரியும், புது சேதி தூரத்துல இருந்துதான் வரும். அதனால பழைய ஆபீஸ்ல கூட வேலை செஞ்சவங்க, கூட படிச்சவங்க, ஒரே ஒரு தடவ வாங்கின கஸ்டமர், இவங்கள்ல வாரத்துக்கு ரெண்டு பேருக்கு மெசேஜ் போடுங்க, உதவி எதுவும் கேக்காம. அவங்க வேலைக்கு பயன்படற ஒரு தகவல் கண்ணுல பட்டா அத அனுப்புங்க, சும்மா குட் மார்னிங் படம் அனுப்பறதுல பிரயோஜனம் இல்ல.

உதவி கேக்கற விதம் ரொம்ப முக்கியம். "எனக்கு மென்டரா இருப்பீங்களா"ன்னு கேட்டா எதிர்ல இருக்கிறவங்களுக்கு எவ்வளவு நேரம் போகும்னே தெரியாது, பயந்து ஒதுங்கிடுவாங்க. "சார், மொத ஆள வேலைக்கு எடுக்கப்போறேன், சேல்ஸுக்கு எடுக்கறதா கணக்குக்கு எடுக்கறதான்னு குழப்பமா இருக்கு, நீங்க எத மொதல்ல எடுத்தீங்க, ஏன்?" அப்படின்னு கேளுங்க, பத்து நிமிஷத்துல பதில் சொல்லிடலாம், பெரும்பாலும் சொல்லவும் செய்வாங்க.

அப்புறம்தான் முக்கால்வாசி பேர் விடற தப்பு. பதில் வந்ததும் நன்றின்னு போட்டுட்டு காணாம போயிடறது. நானும் அப்படி நெறைய பேர இழந்திருக்கேன், அத நெனச்சா இப்பவும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஒரு மாசம் கழிச்சு "நீங்க சொன்னபடி கணக்குக்கு ஆள் எடுத்தேன், வரவேண்டிய பாக்கி பாதிக்கு மேல வசூலாயிடுச்சு"ன்னு ரெண்டு வரி எழுதுங்க. அவங்க சொன்னத கேக்கலன்னாலும் எழுதுங்க, ஏன் கேக்கல, என்ன ஆச்சுன்னு. தான் சொன்ன வார்த்தை வீணா போகலன்னு தெரிஞ்ச மனுஷன் அடுத்த தடவ தானாவே கூப்பிடுவாரு.

வக்கீல், ஆடிட்டர்கிட்ட நட்பு பேர்ல ஓசியில வேலை வாங்காதீங்க, பீஸ் குடுத்துடுங்க. பணம் போட்டவங்ககிட்ட கெட்ட சேதிய நீங்களே மொதல்ல சொல்லுங்க, வேற யார் மூலமாவது போய் சேர்ந்தா நம்பிக்கை போயிடும். பேசி முடிச்ச ஒவ்வொரு தடவையும் உங்கள சின்னதாக்கி அனுப்பற ஆள் இருந்தா, சண்டை எதுவும் வேண்டாம், தொழில் விஷயத்த மட்டும் அவங்ககிட்ட எடுக்காதீங்க.

மூணு மாசம் கழிச்சு அதே பேப்பர எடுத்து திரும்ப எழுதிப் பாருங்க. அதுக்கு முன்னாடி, இதுவரைக்கும் உதவி வாங்கிட்டு என்ன ஆச்சுன்னு சொல்லாம விட்ட ஒருத்தர் பேரு இப்பவே ஞாபகத்துக்கு வருதுன்னா, மொத மெசேஜ் அவங்களுக்கு போடுங்க, ரெண்டு வருஷம் ஆயிருந்தாலும் பரவால்ல.