நாற்காலியில் அமர்ந்தபடியே மாந்தோப்பில் நடக்க: அதிர்வுச் செருப்பு செய்முறை

வி.ஆர். (மெய்நிகர் உலகைக் கண்முன் காட்டும்) ஹெட்செட் அணிந்து அமர்ந்திருப்பவரின் முன் காட்சி நகரும்போது, கண்கள் நடப்பதாகச் சொல்ல, உட்செவி உடல் அசையவில்லை என்று மறுக்கிறது. தலைசுற்றலுக்கு இம்முரண் ஒரு முக்கியக் காரணம். காட்சியோடு ஒத்திசைந்த அதிர்வு உள்ளங்காலில் பட்டால் நடக்கும் உணர்வு வலுப்பெறும் என்பதை ஜப்பானின் டொயோஹாஷி தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். முழங்கால் தேய்ந்து, கிருஷ்ணகிரியில் தாம் வளர்த்த மாந்தோப்புக்குள்ளேயே நடக்க முடியாமல் திண்ணையோடு நின்றுவிட்ட பெரியவர்களை எண்ணியே இந்த அதிர்வுச் செருப்பைச் செய்யத் தொடங்கினேன்.

படி 1: 10 மி.மீ. நாணய வடிவ அதிர்வு மோட்டார்கள் 4, இஎஸ்பி32 பலகை (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை) ஒன்று, என்பிஎன் டிரான்சிஸ்டர், 1 கிலோ ஓம் மின்தடை, டையோடு ஆகியவை நான்கு நான்கு, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பலகையின் முனை தரும் மின்னோட்டம் மோட்டாருக்குப் போதாது. ஆகவே இரண்டு பென்சில் பேட்டரிகளிலிருந்து டிரான்சிஸ்டர் வழியாக மின்சாரம் கொடுத்து, பேட்டரியின் எதிர்முனையைப் பலகையின் கிரவுண்டுடன் மறவாமல் இணையுங்கள். ஒவ்வொரு மோட்டாருக்கும் குறுக்கே டையோடைத் தலைகீழாகப் பொருத்துங்கள்.

படி 2: ஒவ்வொரு செருப்பிலும் குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் கீழே குழி தோண்டி மோட்டாரைப் பதித்து, மெல்லிய துணி டேப்பால் மூடுங்கள்.

படி 3: உயிர்நாடியான வேலை இதுதான். இயல்பான நடையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முதல் 120 அடிகள் விழுகின்றன. 120 அடி என்று கொண்டால், ஒரே கால் மீண்டும் தரையில் பட 1 விநாடி ஆகும். வலது குதிகால் 0 மில்லி விநாடியில் தொடங்கி 100 வரை அதிரட்டும். முன்பாதம் 400 முதல் 600 வரை அதிரட்டும். இடது கால் இதையே 500 மில்லி விநாடி தாமதமாகச் செய்யட்டும். இரு கால்களின் நேரமும் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், நிரலையே நிறுத்திவைக்கும் 'டிலே' கட்டளையைத் தவிர்த்து, ஓடிய நேரத்தைச் சொல்லும் 'மில்லிஸ்' கொண்டு நேரம் பாருங்கள். மோட்டார் முழு வேகம் பெறச் சில பத்து மில்லி விநாடிகள் பிடிக்கும் என்பதால், அதற்கான ஆணையைச் சற்று முன்னதாகவே அனுப்புங்கள். அதிர்வைக் கூட்டுவதைவிட இந்த ஒழுங்கைச் சரிசெய்வதே பலன் தருகிறது என்பது என் அனுபவம்.

படி 4: யூனிட்டி என்ற முப்பரிமாணக் காட்சி உருவாக்கும் மென்பொருளில் நேரான தோப்புப் பாதை ஒன்றை அமையுங்கள். கடைக்கண்ணில் மரங்கள் பின்னோக்கி ஓடுவதே முன்னேறும் உணர்வைத் தூண்டுவதால், இருபுறமும் மாமரங்களை நெருக்கமாக நடுங்கள். அடிக்கு 0.7 மீட்டர் என்ற கணக்கில் கேமராவை விநாடிக்கு 1.4 மீட்டர் நகர்த்துங்கள். நடையில் தலை அசைவது போன்ற ஆட்டத்தைக் கேமராவில் சேர்க்காதீர்கள். திருப்பங்களும் இப்போது வேண்டாம். சருகு மிதிபடும் ஓசை குதிகால் அதிரும் அதே நொடியில் கேட்கட்டும்.

படி 5: முதல் முறை இரண்டு நிமிடங்களுக்கு மேல் வேண்டாம். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்கு அதிர்வு எட்டாமல் போகலாம். ஹெட்செட்டை மாட்டும் முன், செருப்பை மட்டும் அணிவித்து, எந்த இடத்தில் உணர்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள்.