ஹெலிகாப்டர் பனிச்சறுக்கு: வனத்துறைக்குக் கருத்து எழுதுவது எப்படி?

வாஷிங்டன் மாநிலத்தின் ஒகனோகன்-வெனாச்சி போன்ற தேசியக் காடுகளில் ஹெலிகாப்டர் பனிச்சறுக்குக்கு (ஹெலிகாப்டரில் மலைமேல் போய் இறங்கி, பனியில் சறுக்கி வருவது) அனுமதி தருமுன் அமெரிக்க வனத்துறை சுற்றுச்சூழல் பாதிப்பை ஆராய வேண்டும். 1970 முதல் சட்டம் அப்படி. அந்த ஆய்வு அறிக்கையில் நான் முதலில் பார்ப்பது வரைபடத்தைத்தான். ஹெலிகாப்டர் இறங்குமிடங்களை வுல்வரின் (சிறு கரடி போலிருக்கும் பனிப்பகுதி விலங்கு) வாழிடத்தோடு பொருத்திப் பாருங்கள். தாய் வுல்வரின் பிப்ரவரி, மார்ச் வாக்கில் ஆழ்பனிக்குள் வளை தோண்டிக் குட்டி போடும். ஹெலிகாப்டர் பறப்பதும் அதே மாதங்களில்தான். என் கவலையே இதுதான்.

அப்புறம் எழுதுங்கள். ‘சத்தம் அதிகம்’ என்றால் போதாது. எந்தச் சரிவு, எந்த மாதம், என்ன மாற்றம் என்று சொல்லிக் கேளுங்கள்: குட்டி போடும் பருவத்தில் இந்தச் சரிவில் இறங்கக் கூடாது, மலையாடுகள் நிற்கும் பாறைகளை விட்டு விலகிப் பறக்க வேண்டும். கெடுவுக்குள் அனுப்பிவிடுங்கள். பொதுவாக, முன்பே கருத்து எழுதியவர்தான் பிறகு ஆட்சேபிக்க முடியும்.