லினக்ஸில் ஸ்கேனர் தெரியவில்லையா? பழுது எந்த அடுக்கில் என்று கண்டுபிடிக்கும் முறை

ஸ்கேனர் தெரியவில்லை என்றதும் பலர் ஸ்கேன் செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அதில் பயன் இருக்காது. டாக்குமென்ட் ஸ்கேனர், எக்ஸ்சேன், ஸ்கேன்லைட் மூன்றுமே அடியில் சேன் என்ற ஒரே மென்பொருளை நம்பி இயங்குபவை. சேன் கண்ணில் படாத ஸ்கேனர் இவற்றில் எதற்கும் தெரியாது. ஆகவே செயலியை மூடிவிட்டு டெர்மினலைத் திறங்கள். கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகள்.

படி 1: எல்எஸ்யுஎஸ்பி

இது யுஎஸ்பி ஸ்கேனருக்கு; வைஃபை ஸ்கேனர் என்றால் படி 3-க்குப் போங்கள். இந்தக் கட்டளை தரும் யுஎஸ்பி கருவிகளின் பட்டியலில் உங்கள் ஸ்கேனரின் தயாரிப்பாளர் பெயர் வர வேண்டும். வராவிட்டால் எந்த மென்பொருளும் உதவாது. கேபிளை மாற்றுங்கள், ஹப் வழியாக இல்லாமல் கணினியிலேயே நேரடியாகச் செருகுங்கள்.

படி 2: ஸ்கேன்இமேஜ் -எல்

இந்த 'எல்' மட்டும் பெரிய எழுத்து. ஸ்கேனர் எதுவும் இல்லை என்று பதில் வந்தால், அதே கட்டளையை முன்னால் சூடோ (நிர்வாகி உரிமையில் ஓட்டச் சொல்லும் சொல்) சேர்த்து ஓட்டுங்கள். இப்போது தெரிகிறதா? அப்படியானால் டிரைவர் நன்றாகவே இருக்கிறது, அனுமதிதான் சிக்கல். டெபியன், உபுண்டு வகைகளில் 'சூடோ யூசர்மாட் -ஏஜி ஸ்கேனர்' என்று தட்டி, இடைவெளி விட்டு உங்கள் பயனர்பெயரைக் கொடுங்கள் (ஏ சிறியது, ஜி பெரியது). பிறகு லாக்அவுட் செய்து திரும்ப உள்ளே வாருங்கள். அதுவரை உங்களை ஸ்கேனர் குழுவில் சேர்த்தது செல்லுபடியாகாது. தெரிகிறதே என்று எப்போதும் சூடோவிலேயே ஸ்கேன் செய்யாதீர்கள். சேமித்த கோப்புகள் ரூட் (நிர்வாகி) பெயரில் போய்விடும்.

சூடோவிலும் தெரியாவிட்டால் டிரைவர் பக்கம் பாருங்கள். எச்பி கருவிகளுக்கு எச்பிலிப் என்ற டிரைவர் தொகுப்பு வேண்டும். அவற்றில் சில மாடல்கள் எச்பி-பிளகின் கட்டளை நிறுவித் தரும் கூடுதல் பிளகினும் கேட்கும். அதன் பதிப்பு எச்பிலிப்பின் பதிப்போடு பொருந்த வேண்டும் என்பதால், கணினியை அப்டேட் செய்தபின் நன்றாக ஓடிய ஸ்கேனர் நின்றுபோனால் முதலில் எச்பி-பிளகினை மறுபடி ஓட்டுங்கள். பிரதர், எப்சன் மாடல்கள் பலவற்றுக்குத் தயாரிப்பாளர் தளத்தில் தனி டிரைவர் உண்டு. நிறுவியும் பலனில்லையா? ஈடிசி கோப்புறைக்குள் சேன்.டி, அதற்குள் டிஎல்எல்.கான்ஃப் கோப்பைத் திறந்து, உங்கள் டிரைவரின் வரிக்கு முன்னால் # குறி இருந்தால் எடுத்துவிடுங்கள்.

புதிய மல்டிஃபங்ஷன் கருவிகளில் தேடியும் பிடிபடாமல் போகிற காரணம் ஒன்று உண்டு: ஐபிபி-யுஎஸ்பி. டிரைவர் இல்லாமலே அச்சிடவும் ஸ்கேன் செய்யவும் உதவும் இந்தச் சேவை, யுஎஸ்பி இணைப்பைத் தன் வசம் எடுத்துக்கொள்கிறது. பழைய டிரைவர் அதே இணைப்பைத் திறக்கப் போனால், கருவி பயன்பாட்டில் இருப்பதாகப் பிழை வரும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சேன்-ஏர்ஸ்கேன் தொகுப்பை நிறுவி டிரைவர் இல்லாமலே ஸ்கேன் செய்வது நல்ல வழி. அதில் தரமோ வசதியோ போதவில்லை என்றால் மட்டும் 'சூடோ சிஸ்டம்சிடிஎல் மாஸ்க் --நவ் ஐபிபி-யுஎஸ்பி' கொடுத்து (வெறும் ஸ்டாப் போதாது, கேபிளைச் செருகியதும் சேவை மறுபடி தொடங்கிவிடும்), கேபிளைக் கழற்றிச் செருகுங்கள். யுஎஸ்பி வழியாக டிரைவரில்லாமல் அச்சிடுவதும் அப்போது நின்றுவிடும்.

படி 3: வைஃபை ஸ்கேனர்

கணினியும் ஸ்கேனரும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். கெஸ்ட் வைஃபை ஆகாது. கருவியைத் தேடப் பயன்படும் யுடிபி 5353 போர்ட் ஃபயர்வாலில் திறந்திருக்கட்டும். பிறகு சேன்-ஏர்ஸ்கேன் தொகுப்பில் உள்ள ஏர்ஸ்கேன்-டிஸ்கவர் கட்டளையை ஓட்டினால் கருவியின் பெயரும் முகவரியும் கிடைக்கும். அந்த வரியை அதே சேன்.டி கோப்புறையிலுள்ள ஏர்ஸ்கேன்.கான்ஃப் கோப்பில் டிவைசஸ் பகுதியில் ஒட்டிவிட்டால், தானாகத் தேடுவது தோற்றாலும் ஸ்கேனர் கிடைக்கும்.

முதல் ஸ்கேன் சரியாக வந்து இரண்டாவது தொங்குகிறது என்றால், யுஎஸ்பி 3 போர்ட்டைச் சந்தேகியுங்கள். யுஎஸ்பி 2 போர்ட்டுக்கு மாற்றுங்கள். அது இல்லாவிட்டால் சேன்_யுஎஸ்பி_ஒர்க்அரவுண்ட்=1 என்பதை முழுவதும் பெரிய எழுத்தில் தட்டி, இடைவெளி விட்டு, அதே வரியில் ஸ்கேன் கட்டளையைக் கொடுங்கள்.