பங்குனியில மல்லி பூக்கணுமா, தொட்டியில இப்படி வைங்க

நம்மூர்ல வசந்தம்னா வெளிநாட்டு வீடியோல வார மாதிரி பனி உருகி டூலிப் எல்லாம் வராது, மாசி கடேசியில புங்கையும் வேம்பும் துளுக்கும், பொறவு வேப்பம்பூ வாசல்ல கொட்டும், அத பெருக்கி முடிக்கதுக்குள்ள வெயிலு மண்டைய பொளக்கும், அம்புட்டுதாம். அதனால ஸ்பிரிங் கார்டன்னு கேரட்டு விதைய வாங்கிட்டு வராதீய, பாளையங்கோட்டை வெயிலுக்கு அது தாங்காது. வெயிலக் கேட்டு வாங்குத செடி குண்டுமல்லிதாம்.

முதல்ல செடி. நர்சரியில பூத்து நிக்கதப் பாத்து மயங்காதீய, அடியில இருந்தே நாலஞ்சு கெளை வெடிச்சத எடுங்க. தொட்டி 12 இஞ்சுக்கு கொறையக் கூடாது, அடியில ஓட்டை இருக்கணும்.

மண்ணுக்கு செம்மண் ரெண்டு பங்கு, மக்குன சாணி ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, கூட ஒரு கை வேப்பம்புண்ணாக்கு. கோவில்பட்டி பக்கத்துக் கரிசல் தொட்டிக்கு வேண்டாம், தண்ணிய விடாம பிடிச்சு வச்சுக்கிடும், காஞ்சா வெடிச்சிரும். ஆறு மணி நேரமாச்சும் நேர் வெயில் படுத எடமாப் பாத்து வைங்க.

இனிமேதாம் முக்கியமான வேலை, கத்திரி வச்சு கெளைய வெட்டுதது. மல்லி புதுக் கெளையிலதாம் மொட்டு வைக்கும், பழைய கம்ப அப்படியே விட்டா எலையா வளந்துக்கிட்டே கெடக்கும். தோட்டக்காரவுக கார்த்திகையிலயே தரையில இருந்து ஒண்ணரை அடி விட்டு மிச்சத்த வெட்டிருவாக, ஜாதிமல்லின்னு சொல்லுத பிச்சிக்கு மார்கழி. நீங்க இப்பதாம் ஆரம்பிக்கியன்னா செடி வேர் பிடிக்க ஒரு மாசம் விட்டுட்டு, ஒவ்வொரு கெளையிலயும் நுனிய மூணு நாலு இஞ்சு வெட்டி எலையயும் உருவிருங்க. வீட்ல ஆச்சி இருந்தா "பச்சச் செடிய எதுக்குல மொட்டையடிக்க"ன்னு சத்தம் போடுவாக, காதுல வாங்காதீய, ஒரு மாசத்துல அவுகளே பூ கட்ட ஒக்காந்திருவாக.

தண்ணி காலையில, மேல்மண்ணு காஞ்சிருந்தா மட்டும். எலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நின்னா தண்ணி பத்தலன்னு நெனச்சு மேல மேல ஊத்தாதீய, அது இரும்புச்சத்து கொறை, உப்புத் தண்ணி ஊத்துத வீட்ல நெறைய வரும். அன்னபேதி உப்பு (ஃபெரஸ் சல்பேட்) 5 கிராம ஒரு லிட்டர் தண்ணியில கலக்கி சாயங்காலமா தெளிங்க. மொட்டுல ஓட்டை தெரிஞ்சா புழு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கூட கொஞ்சம் சோப்புத் தண்ணி.

உரம் கடலைப்புண்ணாக்கு, மூணு நாள் ஊறவச்சு பத்து மடங்கு தண்ணி சேத்து ரெண்டு வாரத்துக்கு ஒருக்க ஊத்துங்க. நாத்தம் தாங்காது, பக்கத்து வீட்ல விருந்தாளி வந்திருக்கையில ஊத்தாதீய.

சாயங்காலம் விரியதுக்கு முன்ன, வெள்ளையா பருத்த மொட்டாப் பாத்து பறிங்க. ஒரு தடவ பூத்து ஓய்ஞ்சதும் நுனிய லேசா கிள்ளி விட்டா திரும்பவும் துளுத்து வரும். பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்குப் போயி ரெண்டு நாள் தங்குவீயன்னா, நல்லா தண்ணி விட்டு மண்ணு மேல தேங்கா நார பரப்பி, தொட்டிய நெழலுக்கு நகத்தி வச்சுட்டுப் போங்க.