நிக்சனைப் பற்றி எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

போன மாதம் மூன்று பேர் தங்கள் கட்டுரைகளைத் திருத்தித் தரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூன்றுமே அமெரிக்க அதிபராக இருந்த ரிச்சர்ட் நிக்சன் ஆட்சியைப் பற்றியவை. எழுதியவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள், ஆனால் மூன்றுக்கும் ஒரே எலும்புக்கூடு: வெளியுறவில் சாதித்தார், பொருளாதாரத்தில் தடுமாறினார், வாட்டர்கேட்டில் வீழ்ந்தார். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் எரிச்சல். இருபது வருடத்துக்கு முன்னால் நான் எழுதியதும் கிட்டத்தட்ட இதே வாக்கியம்தான்.

தேதிப் பிழை, பெயர்ப் பிழை எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். அவற்றை யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடலாம்.

‘வாட்டர்கேட் ஊழல்’ என்ற சொல்

நாம் எல்லோரும் இப்படித்தான் சொல்கிறோம், இனி மாற்றவும் முடியாது. ஆனால் தமிழில் ஊழல் என்றாலே காதில் விழுவது பணம். இதைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி எழுந்து, “மொத்தம் எத்தனை கோடி சார்?” என்று கேட்டான். அவன்மேல் தப்பில்லை.

1972 ஜூன் 17 அதிகாலையில் வாஷிங்டனின் வாட்டர்கேட் வளாகத்தில் ஐந்து பேர் பிடிபட்டார்கள். எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் தலைமை அலுவலகத்தில் ஒட்டுக்கேட்கும் கருவி வைக்க நிக்சன் தரப்பு அனுப்பியவர்கள். பணமும் புழங்கியது, ஆனால் பிடிபட்டவர்களின் வாயை அடைப்பதற்காக. மையக் குற்றம் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியதும் விசாரணையைத் தடுத்ததும்தான். அதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

நம் ஊர் அர்த்தத்தில் ஊழல் செய்தவர் துணை அதிபர் ஸ்பைரோ ஆக்னியூ. மேரிலாந்தில் ஒப்பந்தக்காரர்களிடம் பணம் வாங்கிய விவகாரம் முற்றி, வரி ஏய்ப்புக் குற்றச்சாட்டை எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டு, 1973 அக்டோபர் 10 அன்று விலகினார். அதற்கும் வாட்டர்கேட்டுக்கும் சம்பந்தமில்லை. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பதவி நீக்கம்

நிக்சன் பதவி நீக்கம் செய்யப்பட்டார் என்று எழுதுகிறார்கள். நீக்கப்படவில்லை. விலகினார். 1974 ஆகஸ்ட் 9.

மூன்று டப்பாக்கள்

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்தும் தவறு இதுதான்: ராஜதந்திரத்தை ஒரு டப்பாவிலும், பொருளாதாரத்தை ஒரு டப்பாவிலும், வாட்டர்கேட்டை ஒரு டப்பாவிலும் போட்டு மூடி எழுதுவது.

எனக்கு இது எவ்வளவு செலவு வைத்தது என்று சொல்கிறேன். ஒரு பத்திரிகையில் மூன்று வாரத் தொடர் எழுதினேன், வாரத்துக்கு ஒரு டப்பா. 1972 நவம்பரில் ஐம்பதில் நாற்பத்தொன்பது மாநிலங்களை வென்ற மனிதருக்கு எதிர்க்கட்சி அலுவலகத்தில் திருட்டுத்தனமாக நுழையும் ஆட்கள் எதற்கு, அது புரியாத புதிர் என்று கடைசி வாரத்தை முடித்தேன். முடிவு ரொம்பப் பிரமாதமாக வந்துவிட்டதாக ஒரு பெருமை வேறு. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடமிருந்து போஸ்ட் கார்டு வந்தது: புதிருக்கு விடை உங்கள் முதல் வாரத்திலேயே இருக்கிறது, மூன்றாம் வாரத்தில் ஏன் தேடுகிறீர்கள்? அந்தத் தொடர் புத்தகமாக வருவதாக இருந்தது. கையெழுத்துப் பிரதியைத் திரும்ப வாங்கி எட்டு மாதம் உட்கார்ந்து மாற்றி எழுதினேன். அதற்குள் பதிப்பாளருக்கு ஆர்வம் போய்விட்டது.

அவர் சொன்ன விடை இது. 1969 மார்ச்சில் கம்போடியா மீது ரகசியக் குண்டுவீச்சு தொடங்கியது. மே மாதமே அது பத்திரிகையில் வந்துவிட்டது. யார் சொன்னார்கள் என்று கண்டுபிடிக்க அதிகாரிகள், பத்திரிகையாளர்கள் என்று 17 பேரின் தொலைபேசிகளை ஒட்டுக்கேட்டார்கள். ஒட்டுக்கேட்கும் பழக்கம் வெளியுறவு ரகசியத்தைக் காப்பதில் ஆரம்பித்தது, தேர்தலில் அல்ல.

அடுத்து 1971. ஜூன் 13 அன்று ‘பென்டகன் ஆவணங்கள்’ வெளியாகத் தொடங்கின. அவை முந்தைய அதிபர்கள் வியட்நாம் பற்றிச் சொன்ன பொய்களைக் காட்டுபவை. நிக்சனுக்கு நேரடியாக எந்தக் கெடுதலும் இல்லை, சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அதே வாரங்களில் பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கான் வழியாகப் பீக்கிங்குக்கு (இன்றைய பெய்ஜிங்) ரகசியத் தூது போய்க்கொண்டிருந்தது. ஒரு ரகசியத்தைக் கட்டிக் காக்கத் தெரியாத அரசை சீனர்கள் எப்படி நம்புவார்கள் என்ற பதற்றம் நிக்சனின் பாதுகாப்பு ஆலோசகர் கிஸிஞ்சருக்கு. ஜூலையில் அவர் பாகிஸ்தானில் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு, நத்தியாகலி மலைக்கு ஓய்வெடுக்கப் போவதாக உலகை நம்பவைத்து, விமானமேறிப் போய் சீனப் பிரதமர் சூ என்லாயைச் சந்தித்தார். அதே ஜூலையில்தான் வெள்ளை மாளிகைக்குள் ஒரு சிறு குழு உருவானது. கசிவை அடைப்பது வேலை என்பதால் ‘பிளம்பர்கள்’ என்று பெயர்.

செப்டம்பர் 3 அன்று இந்தக் குழு, ஆவணங்களை வெளியே கொடுத்த டேனியல் எல்ஸ்பெர்கின் மனநல மருத்துவர் அலுவலகத்தை உடைத்து உள்ளே போனது. அதை நடத்திய ஹண்ட், லிடி இருவரும்தான் ஒன்பது மாதம் கழித்து வாட்டர்கேட் வேலையையும் நடத்தினார்கள். வாட்டர்கேட் நூலைப் பிடித்து இழுத்தால் பழையதெல்லாம் கூடவே வரும். அவ்வளவு பிரயத்தனப்பட்டு மூடி மறைத்ததற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். தேர்தலில் ஜெயிக்கத் திருடினார் என்று மட்டும் எழுதினால் இது தெரியவே தெரியாது.

நம் பக்கத்துக் கதையும் இதே குழாயில்தான் ஓடுகிறது. கிழக்கு பாகிஸ்தானில் படுகொலைகள் நடக்கின்றன, அமெரிக்கா வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்று டாக்காவில் இருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி ஆர்ச்சர் பிளட் 1971 ஏப்ரலில் கண்டனத் தந்தி அனுப்பினார். வாஷிங்டன் அசையவில்லை. இந்திரா காந்தி மீது நிக்சனுக்கு இருந்த வெறுப்பைத்தான் நம்மவர்கள் காரணமாக எழுதுகிறார்கள். வெறுப்பு உண்மைதான், ஆனால் பீக்கிங்குக்குக் கதவு திறந்துவிட்டவர் யாஹ்யா என்பது அதைவிடப் பெரிய காரணம். டிசம்பர் போரின்போது அமெரிக்கா பாகிஸ்தான் பக்கம் சாய்ந்ததைக் காட்டும் ரகசியக் கூட்டக் குறிப்புகளைப் பத்திரிகையாளர் ஜாக் ஆண்டர்சன் தன் பத்தியில் வெளியிட்டார். அந்தக் கசிவைத் துப்பறிய யாரை விட்டார்கள்? பிளம்பர்களைத்தான்.

சரி, பொருளாதாரமாவது தனி டப்பாதானே என்று அந்த மூவரில் ஒருவர் கேட்டார். 1971 ஜூலை 15 அன்று நிக்சன் சீனப் பயணத்தை அறிவித்தார். சரியாக ஒரு மாதத்தில், ஆகஸ்ட் 15 அன்று, பிற நாட்டு அரசுகள் கொடுக்கும் டாலருக்கு அவுன்ஸுக்கு 35 டாலர் கணக்கில் தங்கம் தருவதை நிறுத்தி, இறக்குமதிக்கு 10 சதவீதக் கூடுதல் வரியும் போட்டார். நட்பு நாடான ஜப்பானிடம் இரண்டையுமே முன்கூட்டி ஆலோசிக்கவில்லை. ஜப்பானியர்கள் இரண்டையும் சேர்த்தே ‘நிக்சன் அதிர்ச்சிகள்’ என்கிறார்கள்.

இன்னும் நெருக்கமாகவே காட்டலாம். நிக்சனைக் கவிழ்த்தது அவர் அலுவலகப் பேச்சுகளைப் பதிவுசெய்த ஒலிநாடாக்களில் ஒன்று, 1972 ஜூன் 23 தேதியிட்டது. எஃப்பிஐ விசாரணையை சிஐஏ மூலம் தடுக்க அவர் சம்மதிப்பது அதில் பதிவாகியிருக்கிறது. அதே காலையில், அதே உரையாடலில், பிரிட்டன் பவுண்டை மிதக்கவிட்ட (அதன் மதிப்பைச் சந்தையிடமே விட்ட) செய்தியை உதவியாளர் ஹால்டமன் சொல்கிறார். பேச்சு இத்தாலிய நாணயமான லிராவுக்குப் போகிறது. லிரா எக்கேடு கெட்டால் எனக்கென்ன என்ற தொனியில், கெட்ட வார்த்தையோடு, நிக்சன் தள்ளிவிடுகிறார். ஒரே அறை, ஒரே ஒலிநாடா. இதை எந்த டப்பாவில் போடுவது?

சீனாவோடு தூதரக உறவு

அதை ஏற்படுத்தியவர் நிக்சன் என்று எழுதுகிறார்கள். 1979 ஜனவரி 1. அதிபர் கார்ட்டர். நிக்சன் போய்ப் பேசினார், அவ்வளவுதான்.

எண்ணெய் தலையில் பழி

விலைவாசி ஏறியது அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதால்தான் என்று எழுதுவது சுலபம். 1974 ஜனவரிக்குள் ஒரு பீப்பாயின் விலை மூன்று டாலர் அளவிலிருந்து பதினொன்றைத் தாண்டியது உண்மை. ஆனால் எண்ணெய்த் தடை 1973 அக்டோபரில் வந்தது. நிக்சன் கூலியையும் விலையையும் ஏறவிடாமல் 90 நாட்களுக்கு உறையவைத்ததோ 1971இலேயே. அடுத்த ஆண்டு தேர்தல் என்பதால் பணத்தைத் தாராளமாக விடும்படி மத்திய வங்கித் தலைவர் ஆர்தர் பர்ன்ஸை நிக்சன் நெருக்கியதும் ஒலிநாடாக்களில் இருக்கிறது. கட்டுப்பாட்டைத் தளர்த்தியதும் விலை எகிறியது. 1973 ஜூனில் மறுபடி உறையவைத்தார். தீவனச் செலவுகூடத் தேறாது என்று பண்ணைக்காரர்கள் கோழிக்குஞ்சுகளை மூழ்கடித்துக் கொன்றது அப்போதுதான். அதற்கு நான்கு மாதம் கழித்துத்தான் எண்ணெய் நின்றது.

‘நான் திருடன் அல்ல’

1973 நவம்பரில் நிக்சன், தன் சொந்த வரவு செலவு, வரி பற்றிய பேச்சின்போது சொன்னது. மூன்று கட்டுரைகளிலும் வாட்டர்கேட் திருட்டுக்கான மறுப்பாகப் போட்டிருந்தார்கள்.