குடிக்காதவருக்கு ஏன் ஈரல் கெட்டது? ஆல்ஃபா-1 பற்றி நம் மக்களிடம் பேச ஒரு வழி

முதலில் நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். 'ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் குறைபாடு' என்று ஆரம்பித்தால் சிங்கப்பூர்ச் சமூக மன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கள் குடும்பத்தில் குடியையே தொடாத யாருக்காவது ஈரல் கெட்டிருக்கிறதா? சிகரெட் பிடிக்காத யாராவது நாற்பது வயதிலேயே மேம்பாலப் படியேற முடியாமல் நின்று நின்று போகிறாரா?" யாராவது ஒருவர் நிமிர்ந்து பார்ப்பார். அவருக்காகத்தான் போயிருக்கிறீர்கள்.

இந்தக் கேள்விக்கு நம்மிடையே கனம் அதிகம். ஈரல் கெட்டால் குடிகாரன், நுரையீரல் கெட்டால் புகைக்கிறவன் என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது, அதனால் குடும்பமே வாயைத் திறப்பதில்லை, 'மாமாவுக்கு உடம்பு சரியில்லை' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது, அடுத்த தலைமுறைக்கு ஒன்றுமே தெரிவதில்லை. மரபு நோய்க்கு இந்த மௌனத்தைவிட வசதியான இடம் வேறு இல்லை.

அப்புறம் விளக்கம். நுரையீரலைக் காக்கும் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதத்தை ஈரல்தான் செய்து ரத்தத்தில் அனுப்புகிறது. கிருமியோடு போராடும் வெள்ளணுக்கள் விடும் ஒரு நொதி நுரையீரல் திசுவையே அரித்துவிடாமல் தடுப்பது அதன் வேலை. அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்துவிட்டால், அந்தப் புரதம் தப்பாக மடிந்து ஈரலிலேயே தேங்கிவிடும், நுரையீரலுக்குப் போதுமான அளவு போய்ச்சேராது. மடை அடைத்துக்கொண்டால் இந்தப் பக்கம் வரப்பு உடையும், அந்தப் பக்கம் பயிர் காயும், அப்படித்தான். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த பெரியவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியிருக்காது. 1963-ல் சுவீடனின் மால்மோவில் லாரெல், எரிக்சன் என்ற இரு மருத்துவர்கள் சில நோயாளிகளின் ரத்தத்தில் இந்தப் புரதம் காணாததைக் கவனித்ததிலிருந்துதான் இந்த நோயே வெளியே தெரிந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்: இது பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் காணப்படும் நோய், நம்மிடையே அரிது. பயம் காட்டி விழிப்புணர்வு செய்யாதீர்கள். ஆனால் அரிது என்பதாலேயே யாருக்கும் அது நினைவுக்கு வராமல் போகிறது. ஜப்பானியரிடம் 'சீயாமா' என்று தனியாக ஒரு மரபணுத் திரிபே இருக்கிறது. சிங்கப்பூரில் ஐரோப்பிய-ஆசியக் கலப்பில் வந்த யுரேஷியக் குடும்பங்களும் கலப்பு மணங்களும் எத்தனை! முகத்தைப் பார்த்து யாரையும் ஒதுக்கிவிட முடியாது.

என் அனுபவத்தில் துண்டுப்பிரசுரத்தைவிட நன்றாக வேலை செய்வது ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும். தாத்தா பாட்டியில் தொடங்கி மூன்று தலைமுறையை வரையச் சொல்லுங்கள், ஒவ்வொரு பெயருக்குக் கீழும் 'ஆஸ்துமா', 'ஈரல்', 'காமாலை' என்று தெரிந்ததை எழுதச் சொல்லுங்கள். ஒருவர் தன் அண்ணன் பெயருக்குக் கீழே 'இளைப்பு' என்றும், சின்ன வயதில் போய்விட்ட தங்கை பெயருக்குக் கீழே 'ஈரல்' என்றும் எழுதிவிட்டு, பேனாவை எடுக்காமல் அந்த இரண்டையுமே பார்த்துக்கொண்டிருப்பார். அதுவரை அவை இரண்டு தனித்தனி துக்கங்கள். உடன்பிறந்தவர்களுக்குள் நுரையீரல் நோயும் ஈரல் நோயும் சேர்ந்து வந்தால் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும் என்பதை அந்த நேரத்தில் சொல்லுங்கள், மனதில் நிற்கும். தீபாவளிக்கு உறவெல்லாம் கூடும்போது இந்தத் தாளை வீட்டிலேயே நிரப்பலாம், பாட்டிகளுக்குத் தெரிந்தது எந்த மருத்துவப் பதிவிலும் இருக்காது.

வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டுமென்றால் சுருக்கமாக அனுப்புங்கள். இப்படி:

"சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்று சொல்லப்பட்டவர்கள், மருந்தெடுத்தும் ஆஸ்துமா அடங்காதவர்கள், காரணம் தெரியாமல் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள், ஆல்ஃபா-1 சோதனை வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். சாதாரண ரத்தச் சோதனைதான். பிறந்த குழந்தைக்கு இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இறங்காவிட்டால், மலம் வெளுத்திருந்தால், வெயிலில் காட்டிக்கொண்டு காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்."

குழந்தை பற்றிய வரியை எந்தக் காரணத்துக்காகவும் வெட்டாதீர்கள். மலம் வெளுப்பது பித்தநாள அடைப்பு போன்ற வேறு அவசர நோய்க்கும் அறிகுறி, அதனால் ஆல்ஃபா-1 இல்லாத வீட்டிலும் அந்த ஒரு வரி ஒரு குழந்தையைக் காப்பாற்றலாம்.

சிஓபிடி உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு தடவையாவது இந்தச் சோதனை செய்யலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 1997-லேயே பரிந்துரைத்துவிட்டது. பலதுறை மருந்தகத்திலோ ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசுத் திட்டத்தில் பதிந்த குடும்ப மருத்துவரிடமோ கேட்கச் சொல்லுங்கள், நோயின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள், வாயால் சொல்லத் தடுமாற வேண்டாம். காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது இந்தப் புரதத்தின் அளவு தானே ஏறும், குறைபாடு மறைந்துபோகலாம், அதனால் உடம்பு தேறியபின் எடுப்பது நல்லது. அளவு குறைந்திருந்தால்தான் மரபணுச் சோதனை.

அங்கேதான் காப்புறுதி பற்றிய கேள்வி வரும், கட்டாயம் வரும். 2021-ல் சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் மரபணுச் சோதனை முடிவுகளைக் காப்புறுதி நிறுவனங்கள் பயன்படுத்துவதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தன. ஆனால் இருக்கும் நோயைக் கண்டறிய எடுக்கும் சோதனை வேறு, வரப்போவதை முன்கூட்டி அறிய எடுப்பது வேறு. இதை நீங்களே தீர்த்துவைக்கப் பார்க்காதீர்கள், சோதனைக்கு முன்பே மரபணு ஆலோசகரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

'கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது?' என்பார்கள். நிறைய ஆகும். சிகரெட்டை விடுவதுதான் இந்த நோயில் மனிதன் கையில் இருக்கும் பெரிய மருந்து, அடுத்தவர் புகையும் வேண்டாம், மதுவும் வேண்டாம். புகைமூட்டம் வரும் மாதங்களில் வெளியே போவதைக் குறைக்கலாம். கப்பல் பட்டறையிலோ வெல்டிங்கிலோ வேலை செய்பவர் முகக்கவசத்தைக் கழற்றாமல் இருக்கலாம், வேலையையே மாற்றுவது பற்றி யோசிக்கலாம். சளிக்காய்ச்சல், நிமோனியா, ஹெபடைடிஸ் தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ளலாம். தானமாகக் கிடைக்கும் பிளாஸ்மாவிலிருந்து பிரித்த புரதத்தை வாரந்தோறும் ரத்தக்குழாயில் ஏற்றும் சிகிச்சை சில நாடுகளில் உண்டு. அது நுரையீரல் தேய்வதை மெதுவாக்கும், ஈரலுக்கு உதவாது. ஈரல் முற்றிலும் பழுதானால் மாற்று அறுவை சிகிச்சைதான், புது ஈரல் சரியான புரதத்தையே செய்யும்.

ஒருவருக்கு உறுதியானால் வேலை அவரோடு முடிவதில்லை. பெற்றோர் இருவரும் ஆளுக்கு ஒரு பழுதான மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால், உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் இந்த நோய் இருக்க 4-ல் 1 வாய்ப்பு. தம்பி ஜொகூரிலும் அக்கா திருச்சியிலும் இருப்பார்கள். முடிவுத்தாளைப் படம் பிடித்து அவர்களுக்கு அனுப்ப அவர் சம்மதிக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். சம்மதித்தால் அப்போதே பக்கத்தில் உட்கார்ந்து, எந்தச் சோதனையை எந்தப் பெயரில் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதி அனுப்ப வையுங்கள்.