நம்ம ஊர் அழகைப் பார்க்க நேரம் தெரிந்தால் போதும்

வெளியூரிலிருந்து சொந்தக்காரர் வந்தால்தான் நாம் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கும் முட்டத்துக்கும் போகிறோம், அவர்களை ரயில் ஏற்றிவிட்டால் மறுபடி வீடு, வேலை, பஸ் என்று ஆகிவிடுகிறது. ஆனால் குமரி மாவட்டத்தில் இருக்கிறவர்கள் அழகைத் தேடி எங்கேயும் போகவே வேண்டாம். தினமும் கண்ணில் படுகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு வேளை உண்டு, அந்த வேளையில் அதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில், போகிற வழியில் ஒரே ஒரு வயலைப் பிடித்துக்கொள்ளுங்கள். சுசீந்திரம், தேரூர் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது சுலபம். நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ, அதாவது இரண்டு போகம் நெல் விளைகிறது, அதனால் வருஷத்தில் இரண்டு தடவை அதே வயல் தண்ணீர் கட்டிக் கண்ணாடியாகக் கிடக்கும், நட்ட கொஞ்ச நாளில் வரிவரியாகப் பச்சை ஏறும், கதிர் முற்றும்போது தலை சாயும். வேறு வேறு வயலாகப் பார்த்தால் இந்த மாற்றம் பிடிபடாது.

குலசேகரம், அருமனை பக்கத்து ஆளா? அப்படியென்றால் ரப்பர். குளிர்ச்சியாக இருக்கும்போதுதான் பால் நன்றாக வடியும், அதனால் விடியும் முன்பே விளக்கோடு பால் வெட்டத் தொடங்கிவிடுவார்கள், பட்டையில் சாய்வாகப் போட்ட வெட்டு வழியே வெள்ளை இறங்கிச் சிரட்டையில் சொட்டுவதை ஒரு மரத்தடியில் நின்று பார்த்தாலே போதும். ஜனவரி வாக்கில் இலை உதிர்ந்து, பிறகு செம்பு நிறத்தில் தளிர் விடும்போது இன்னொரு தடவை போங்கள். வேலை செய்கிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல், "அண்ணே, கொஞ்சம் பார்க்கட்டா?" என்று கேட்டுவிட்டு நில்லுங்கள்.

பூவுக்குப் பேர்போன தோவாளைக்கு விடியற்காலையில் போக வேண்டும், பிச்சிப்பூ இன்னும் விரியாமல் மொட்டாகவே இருக்கும்போது. அங்கே மாணிக்கமாலை கட்டுகிற வீடுகளில், அரளிப் பூவை மடித்து மடித்து, இடையே நொச்சி இலை வைத்து, மாணிக்கக் கல் பதித்த மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். கடையில் தொங்குகிற மாலையை விட அதைக் கட்டுகிற விரல்கள்தான் எனக்குப் பிடிக்கும்.

மழைக்கு நமக்குக் குறைவில்லை, இரண்டு பருவமழையும் வருகிறது. மழை பெய்யும்போது அல்ல, விட்டவுடனே வெளியே வாருங்கள். காற்றில் தூசி அடங்கியிருக்கும், வேளிமலை இரண்டு தெரு தள்ளி வந்து நிற்கிற மாதிரி தெரியும், அதுவும் கொஞ்ச நேரம்தான்.

போனை எடுக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பார்த்து முடித்த பிறகு எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடமோ பிள்ளைகளிடமோ பார்த்ததை வாயால் சொல்லிப் பாருங்கள், எதைச் சரியாகப் பார்க்கவில்லை என்று அப்போது தெரிந்துவிடும், மறுநாள் கண் தானாக அங்கே போகும்.

அப்புறம் நிலா. சித்ரா பௌர்ணமிக்குக் கன்னியாகுமரியில் சூரியன் அடைவதையும் நிலா ஏறுவதையும் ஒன்றாகப் பார்க்க அவ்வளவு கூட்டம் வருகிறது. ஆனால் எந்த மாதத்துப் பௌர்ணமியானாலும் சூரியன் அடைகிற நேரத்தை ஒட்டித்தான் நிலா ஏறும். இரண்டு பக்கமும் திறந்த மொட்டைமாடி இருந்தால் போதும், காலண்டரில் தேதியைக் குறித்துவைத்து அன்றைக்கு ஆறு மணிக்கு முன்பே ஏறிவிடுங்கள், மேகம் மறைத்தால் அடுத்த மாதம் இருக்கிறது.